பிள்ளைகளோடு பாசிக்குடா போகிறீர்களா?

சின்ன வயதில் குளித்த பாசிக்குடாக் கடற்கரையைப் பிள்ளைகளுக்குக் காட்டப் போகிறவர்கள் மே முதல் செப்டம்பருக்குள் போங்கள். மாரியில் கடல் கொந்தளிக்கும். மட்டக்களப்பிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீற்றர். காலை 6 மணிக்கே வெளிக்கிட்டால் வெயில் ஏற முன்னம் ஆறுதலாகக் குளிக்கலாம்.

ஆழம் குறைவுதானே என்று காற்றடைத்த ரியூப்பில் பிள்ளையைத் தனியே விடவே வேண்டாம். மே முதல் செப்டம்பர் வரை வீசும் கச்சான் காற்று தரையிலிருந்து கடல் பக்கம் அடிக்கும். இலேசான ரியூப்பை வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். 2 மீற்றர் கயிறு கட்டிப் பெரியவர் ஒருவர் பிடித்தபடி பக்கத்திலேயே நிற்க வேண்டும். வெறும் ரியூப் போனால் போகட்டும், பின்னால் நீந்தாதீர்கள்.

முருகைக்கல் (பவளப்பாறை) காலைக் கிழிக்கும், பழைய சப்பாத்தோடு இறங்குங்கள். உப்புக் கழுவ ஆளுக்கு 5 லீற்றர் நல்ல தண்ணீர், துவாய். அம்மம்மாவுக்கு மடக்குக் கதிரை ஒன்று.