மோசடி மின்னஞ்சல்: கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது

கடந்த ஆகஸ்டில் என் சித்தப்பாவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வருமான வரி ரீஃபண்ட் 14,870 ரூபாய் தயாராக இருக்கிறது, கணக்கை உறுதிசெய்யுங்கள் என்றது. ஜூலையில்தான் அவர் கணக்குத் தாக்கல் செய்திருந்தார். ரீஃபண்டை எதிர்பார்த்துக்கொண்டும் இருந்தார். இணைப்பைத் தொட்டார். திறந்த பக்கம் ஜிமெயில் கடவுச்சொல்லைக் கேட்டது, கொடுத்துவிட்டார்.

அன்று மாலையே போய்க் கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து மீண்டும் அழைத்தார். "தம்பி, வங்கியிலிருந்து ஒரு மெயில்கூட வருவதில்லையே" என்றார். காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆனது. வேறு யாரும் அப்படி ஒரு நாளை இழக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

படி 1: முகவரியைக் கடைசியிலிருந்து படியுங்கள்

அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். செல்போன் செயலி அந்தப் பெயரைத்தான் பெரிதாகக் காட்டும். அதன் கீழே 'டு மீ' என்பதற்குப் பக்கத்தில் இருக்கும் சிறு அம்புக்குறியைத் தொட்டால்தான் முழு முகவரி தெரியும்.

தபால் முகவரியில் கதவு எண் முதலிலும் ஊர் கடைசியிலும் வருவதுபோலத்தான் இதுவும். @ குறிக்குப் பிறகு உள்ளதன் கடைசிப் பகுதிதான் ஊர். வருமான வரித்துறையின் தளம் 'இன்கம்டாக்ஸ் டாட் ஜிஓவி டாட் இன்'. 'ஜிஓவி டாட் இன்' என்ற முடிவு அரசு அமைப்புகளுக்கே கிடைக்கும். சித்தப்பா தொட்ட இணைப்பிலும் இந்தச் சொற்கள் எல்லாம் இருந்தன. ஆனால் புள்ளிக்குப் பதில் சிறு கோடு போட்டு முன்னால் வைத்திருந்தார்கள். கடைசியில் இருந்தது யாரோ வாங்கிய 'டாட் காம்'. இணைப்புகளையும் இப்படியே படியுங்கள்: முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் முடிவது எதுவோ, அதுதான் உரிமையாளர்.

வங்கி இணையதளங்களுக்கும் இப்போது இப்படி ஓர் அடையாளம் இருக்கிறது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

முகவரி சரியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லையா? கணினியில் அந்த மெயிலின் மூன்று புள்ளிகளை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் திறங்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று சோதனைகளின் முடிவு இருக்கும். மூன்றுக்கும் 'பாஸ்' என்று இருந்தால், மெயில் உண்மையிலேயே @ குறிக்குப் பிறகு உள்ள அந்தத் தளத்தின் பெயரில்தான் வந்தது என்று பொருள். அனுப்பியவர் நேர்மையானவர் என்று பொருள் அல்ல.

வரித்துறைக் கடிதங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2019 அக்டோபர் 1 முதல் அவற்றுக்கு ஆவண அடையாள எண் தரப்படுகிறது. அது அசல்தானா என்பதைத் துறையின் தளத்தில் உள்நுழையாமலேயே சரிபார்க்கலாம்.

படி 2: குப்பை அஞ்சல்கள்

நீங்களே பதிவுசெய்த கடையின் விளம்பரம் என்றால், ஜிமெயில் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் காட்டும் 'அன்சப்ஸ்கிரைப்' போதும். முன்பின் தெரியாதவர் அனுப்பியது என்றால் மெயிலுக்குள் இருக்கும் எந்த இணைப்பையும் தொடாமல் 'ரிப்போர்ட் ஸ்பேம்' கொடுங்கள். உள்ளே தொடுவது, இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று அவர்களுக்குச் சொல்லிவிடும். குப்பையைச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லி உங்கள் மெயில் முழுவதையும் படிக்க அனுமதி கேட்கும் செயலிகளை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 3: திருடன் விட்டுச்சென்ற விதி

என்னைத் திணறடித்தது இதுதான். கடவுச்சொல்லை மாற்றினால் உள்ளே இருப்பவன் வெளியேற்றப்படுவான். ஆனால் அவன் உள்ளே இருந்தபோது எழுதி வைத்த விதிகள், அதாவது வரும் மெயிலைத் தானாக என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளைகள், அப்படியே இருக்கும். செல்போன் செயலியில் எவ்வளவு தேடினாலும் அவை கண்ணில் படாது. அதனால்தான் ஸ்பேம் பெட்டியையும் வங்கியையும் சந்தேகித்துப் பாதி நாளை வீணாக்கினேன்.

கணினியின் உலாவியில் ஜிமெயிலைத் திறந்து, பற்சக்கரக் குறியை அழுத்தி, 'சீ ஆல் செட்டிங்ஸ்' போங்கள். அங்கே மூன்று தாவல்களைப் பாருங்கள்.

'ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்டு அட்ரஸஸ்': நீங்கள் எழுதாத விதி எது இருந்தாலும் நீக்குங்கள். சித்தப்பாவின் கணக்கில், வங்கியின் பெயர் உள்ள மெயில்களை வேறொரு முகவரிக்கு அனுப்பிவிட்டு இங்கே அழித்துவிடு என்று ஒரே ஒரு விதி இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

'ஃபார்வர்டிங் அண்ட் பாப்/ஐமேப்': தெரியாத முகவரி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். விதியை நீக்கினால் மட்டும் இது போகாது.

'அக்கவுண்ட்ஸ் அண்ட் இம்போர்ட்': 'கிராண்ட் ஆக்சஸ்' என்ற இடத்தில் வேறு யாருக்கும் அனுமதி இருக்கக் கூடாது.

பிறகு கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் மீட்புத் தொலைபேசி எண், மீட்பு மின்னஞ்சல், இணைந்துள்ள சாதனங்கள், அனுமதி பெற்ற செயலிகள் ஆகிய நான்கையும் சரிபாருங்கள். மீட்பு எண் அவனுடையதாக இருந்தால் அவன் திரும்ப வந்துவிடுவான்.

படி 4: மறுபடி நடக்காமல் இருக்க

இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். எஸ்எம்எஸ் குறியீட்டைவிடப் பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதில் கைரேகை அல்லது திரைப்பூட்டால் உள்நுழையும் முறை) மேல். போலிப் பக்கத்தில் அது வேலையே செய்யாது. கடவுச்சொற்களைச் சேமித்து வைத்து நிரப்பித் தரும் பிட்வார்டன் செயலியை நான் பயன்படுத்துகிறேன், இலவசப் பதிப்பே போதுமானது. நம் கண் ஏமாந்தாலும் அது ஏமாறாது: முகவரி ஓர் எழுத்து மாறியிருந்தால்கூடக் கடவுச்சொல்லைத் தானாக நிரப்பாது. வழக்கமாக நிரப்பும் இடத்தில் நிரப்பவில்லை என்றால், அங்கேயே நிறுத்திவிட்டு முகவரியைப் பாருங்கள்.

பின்சேர்க்கை

வீட்டில் கணினி இல்லை, மூன்றாவது படியை எப்படிச் செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். செல்போனின் குரோமில் ஜிமெயில் தளத்துக்குப் போய், பட்டியலில் 'டெஸ்க்டாப் சைட்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எழுத்து பொடியாக இருக்கும், பெரிதாக்கிக்கொள்ளலாம். பிரவுசிங் சென்டருக்கு மட்டும் போகாதீர்கள்.

பணம் போயிருந்தால் இதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். உடனே சொன்னால் பணத்தை இடையில் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

அழிந்த மெயில்கள் திரும்பக் கிடைக்குமா என்றும் ஒருவர் கேட்டார். ஜிமெயிலின் 'டிராஷ்' பெட்டியில் 30 நாள் இருக்கும். நாங்கள் மூன்று வாரத்தில் பார்த்துவிட்டதால் பதினேழு மெயில்களும் கிடைத்தன. அவற்றில் ஒன்று, சித்தப்பாவின் நெட்பேங்கிங் கடவுச்சொல்லை மாற்ற யாரோ முயன்றதாக வங்கி முந்தைய வாரமே அனுப்பியிருந்த எச்சரிக்கை.