தரங்கம்பாடிக்கு ஒருநாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

படி 1: கிழமை பாருங்கள். டென்மார்க்காரர்கள் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இது தெரியாமல் முதல்முறை வெள்ளிக்கிழமையே போய் இறங்கினேன். பூட்டிய கதவையும் கடலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினேன். சனி, ஞாயிறைவிட வார நாள் நல்லது.

படி 2: மயிலாடுதுறையிலிருந்து காரைக்கால் பஸ். 30 கிலோமீட்டர் போல. திருக்கடையூர் வரை அறுபதாம் கல்யாணக் கூட்டம் நெரிக்கும், அங்கே பஸ் காலியாகும். உட்கார இடம் கிடைத்ததே என்று கண்ணயர்ந்தால் தரங்கம்பாடியைத் தாண்டிப் பொறையாறில்தான் விழிப்பீர்கள். நான் விழித்தேன். தரங்கம்பாடியில் இறங்க வேண்டும் என்று கண்டக்டரிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

படி 3: ஊருக்குள் நடந்தே போங்கள். கார் வேண்டாம், ஷூவும் வேண்டாம். மணலுக்கு ரப்பர் செருப்புதான் சரி. 1792இல் கட்டிய வெள்ளை நுழைவாயிலைத் தாண்டினால் ராஜ வீதி. அங்கே ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1718இல் எழுப்பிய புது எருசலேம் தேவாலயம். முகப்பில் டென்மார்க் அரசரின் கிரீட முத்திரை இருக்கும், அண்ணாந்து பாருங்கள். தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது இந்த ஊரில்தான், 1715இல். அச்சு மையோடு புழங்குகிறவன் என்பதால் எனக்கு இந்த வீதியில் கால் நகராது.

படி 4: கோட்டைக்கு மூன்று மணி வாக்கில். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620இல் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கட்டியது. 1845இல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

படி 5: வெயில் தாழ்ந்ததும் கரையோரமாக மாசிலாமணிநாதர் கோயில். குலசேகர பாண்டியன் காலம், 1306. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அலைகள் பாடுவதால் தரங்கம்பாடி என்பார்கள்; அந்தக் காலத்துக் கல்வெட்டில் இருப்பதோ சடங்கன்பாடி.

பிற்சேர்க்கை: குளிக்கலாமா என்று பலர் கேட்டுவிட்டீர்கள். கோயிலருகே கொட்டியிருக்கும் பாறைகளில் பாசி வழுக்கும், அங்கே இறங்கவே இறங்காதீர்கள். கோட்டைக்கு எதிரே மணல்தான். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குப் பொறையாறு போய்விடுங்கள். பஸ்ஸில் தூங்கிப்போனவர்களுக்கு அது ஒன்றுதான் லாபம்.