பழைய பேனாக்கத்தியில் விநோதமாக ஏதாவது தெரிந்தால் செய்யக்கூடாதவை

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழஞ்சாமான் கடைகளுக்கு வருகிறவர்கள் எனாமல் தூக்கு, பித்தளை அண்டா, தேக்குத் தூண் என்று பெரிய சாமான்களைத்தான் பார்க்கிறார்கள். பூட்டு, சாவி, செல்லாக்காசு கிடக்கும் தகர டப்பாவைக் கிளறிப் பாருங்கள், ஒரு மடக்குக்கத்தியாவது கையில் சிக்கலாம். ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போன ஊர் இது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்தியும் ஜெர்மனியின் சோலிங்கன் கத்தியும் இங்கே கிடைப்பதில் ஆச்சரியமே இல்லை. அதை வாங்கிக்கொண்டு போய் என்ன செய்கிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

முதல் வேலையாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கத்தியின் பிறப்புச் சான்றிதழ் அலகின் அடியில், பிடிக்குள் நுழையும் இடத்தில், விரல் நக அகலத்துக்குத்தான் இருக்கும். அங்கேதான் மார்க்கா குத்தியிருப்பார்கள். துருவோடு சேர்த்து அதையும் தேய்த்துவிட்டால் கையில் மிஞ்சுவது வெறும் இரும்புத்துண்டுதான். ரெண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள், மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். அப்புறம் இருட்டறையில் போன் டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் மொட்டையாகத் தெரிந்த இடத்தில் நட்சத்திரமும் பக்கத்தில் மால்டா சிலுவையும் எழும்பி வந்தால், அது ஷெஃபீல்டின் ஜோசப் ராட்ஜர்ஸ் மார்க்கா.

மார்க்காவைப் படித்தவுடன் வருஷத்தை முடிவு செய்வது அடுத்த தவறு. கிரீடத்துக்கு இரண்டு பக்கமும் 'ஜி', 'ஆர்' எழுத்துகள் இருந்தால் "நாலாம் ஜார்ஜ் காலம், இருநூறு வருஷப் பழசு" என்று விலை சொல்வார்கள். நாலாம் ஜார்ஜ் ஆண்டது 1820 முதல் 1830 வரை. ஆனால் ஐந்தாம் ஜார்ஜும் ஆறாம் ஜார்ஜும் (நடுவில் சில மாதம் எட்டாம் எட்வர்டு தவிர) 1910 முதல் 1952 வரை ஆண்டார்கள், நம் பக்கம் கிடைப்பது பெரும்பாலும் இந்தப் பிற்கால ஜார்ஜ்தான். 'வி', 'ஆர்' என்றால் விக்டோரியா, 1837க்கும் 1901க்கும் இடையில். அந்த எழுத்து இருப்பதால் அரண்மனையில் புழங்கிய கத்தி என்று அர்த்தமில்லை, அரச குடும்பத்துக்குச் சப்ளை செய்த கம்பெனி என்று காட்டிக்கொள்ளும் அடையாளம் அது. எந்தக் குறியும் 'இதற்கு முன்னால் இல்லை' என்று மட்டுமே சொல்லும். ஸ்டெயின்லெஸ் என்று குத்தியிருந்தால் 1913க்கு முன்னால் செய்திருக்கவே முடியாது, ஏனென்றால் ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் அந்த எஃகை உருக்கியதே அந்த வருஷம்தான். 'மேட் இன் ஜெர்மனி' என்ற முத்திரை பரவியது 1887இல் பிரிட்டிஷ் சரக்கு மார்க்காச் சட்டம் வந்த பிறகு. 'விக்டோரியா' என்று மட்டும் போட்ட சுவிஸ் கத்தியும் ராணி காலத்துச் சாமான் இல்லை. அந்தக் கம்பெனியின் எல்ஸனர் தன் அம்மாவின் பெயரை 1909இல் மார்க்காவாக வைத்தார், 1921இல் அது விக்டோரினாக்ஸ் ஆனது.

சரி, இப்போது ஊசிக்கு வருவோம், செட்டிநாட்டில் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். கத்தியின் மறுமுனையில் மடங்கும் ஊசி ஒன்று இருந்தால் கடையில் "கப்பல்காரன் கத்தி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். கயிற்று முடிச்சை நெம்பும் கப்பல் ஊசி தடியாக இருக்கும், நுனி மழுங்கியிருக்கும், கூடவே கயிறு கோக்கும் வளையமும் பெரும்பாலும் இருக்கும். பிரிட்டிஷ் பட்டாளக் கத்தி என்றால் அகல அம்புக்குறி குத்தியிருப்பார்கள். ஊசி தடித்து, கொக்கிபோல் வளைந்திருந்தால் குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை எடுப்பது. தோல் தைக்கும் ஊசியில் ஓரம் வெட்டும்.

இந்த எதிலும் சேராமல் மெலிந்து நேராக, ஓரத்தில் வெட்டு இல்லாமல், நுனி தேய்ந்து வழவழப்பாக இருக்கிறதா? கையை எடுத்துவிட்டு நிதானமாகப் பாருங்கள், அது மடக்கெழுத்தாணியாக இருக்கலாம். ஒரே பிடி, ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் ஓலை வாரக் கத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கும். பிடி பெரும்பாலும் மரம், சிலவற்றில் தந்தம். ஐரோப்பிய மார்க்காவைத் தேடி, இல்லை என்றதும் 'நாட்டுக் கத்தி, மட்டம்' என்று ஒதுக்குகிறார்கள். இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தத்தை ஓலையில் எழுதிவைத்த சமூகம் வாழ்ந்த ஊரில், எழுதிய கருவியையே அடையாளம் தெரியாமல் ஒதுக்குவது எனக்குப் பொறுக்கவில்லை. அதைவிடக் கொடுமை, ஊசி மழுங்கிவிட்டது என்று அதைச் சாணை பிடிப்பது. எத்தனையோ ஓலையில் ஓடித் தேய்ந்த நுனி அது.

எழுத்தாணி என்று சந்தேகம் வந்தால் கடைக்காரரிடம் "அண்ணே, இது எந்தப் பெட்டியில, எதோட கிடந்துச்சு?" என்று அப்போதே கேட்டுவிடுங்கள். ஓலைக்கட்டு, கணக்கு நோட்டோடு கிடந்தது என்று சொன்னால் அந்த ஒரு வரியைச் சீட்டில் எழுதிக் கத்தியோடு வையுங்கள். அந்தத் தகவல் ஒரு தடவை தொலைந்தால் திரும்பக் கிடைக்காது.

உடைந்தது, குறைந்தது என்று தப்பாக நினைப்பவையும் உண்டு. பாதி திறந்ததும் அலகு 'டக்' என்று நின்றால் ஸ்பிரிங் கெட்டுவிட்டது என்று எண்ணெயை ஊற்றாதீர்கள், விரல் வெட்டுப்படாமல் இருக்க வேண்டுமென்றே அடிப்பாகத்தைச் சதுரமாகச் செய்த கத்திகள் உண்டு. பிரான்ஸின் ஓபினல் கத்தியில் கழுத்து வளையம் இல்லையென்றால் கழன்று விழுந்ததாகத்தான் சொல்வார்கள். அந்தப் பூட்டு வளையம் வந்ததே 1955இல், அதற்கு முந்தையதில் இருக்காது, சின்ன நம்பர் கத்திகளில் இன்றைக்கும் கிடையாது. பிடியின் முனையில் அரைவட்ட வெட்டு இருந்தால் தோட்டா உறையை இழுக்கும் வேட்டைக் கத்தியாக இருக்கலாம். அலகில் பல் மாதிரி முக்கோணம் நீட்டிக்கொண்டிருந்தால் மாட்டுக்கும் குதிரைக்கும் ரத்தம் எடுத்தது.

அலகு விநோத வடிவமா, சாணை பிடித்துத் தேய்ந்ததா என்பதற்குக் கத்தியை மடக்கிப் பாருங்கள். நுனி பிடிக்குள் அடங்காமல் தலை தூக்கினால் சந்தேகப்படலாம், அடங்கியிருந்தாலும் உடனே நம்பாதீர்கள், அடிப்பாகத்தையோ முதுகையோ தேய்த்து அடக்கியிருக்கலாம். அலகைத் திறக்க நகம் வைக்கும் குழி முதுகோடு ஒட்டி இருந்தால் மேல்பக்கம் தேய்ந்திருக்கிறது.

பிடி என்ன பொருள் என்று பார்க்கச் சூடான ஊசியை வைக்கவே கூடாது. செல்லுலாய்டாக (பழைய காலத்து பிளாஸ்டிக்) இருந்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் போதும், கற்பூர வாசம் வரும். அது கெட ஆரம்பித்தால் அமில ஆவி விடும், பிடிக்குள் இருக்கும் அலகு மட்டும் துருப்பிடித்திருப்பதைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். அந்தக் கத்தியை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். எலும்பில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளி தெரியும். தந்தத்தின் குறுக்கு வெட்டில் வளைந்த கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். போலித் தந்தத்தில் கோடுகள் ஒரே சீராக ஓடும்.

நிஜத் தந்தம் என்று தெரிந்தால் விலை பேச்சையே எடுக்காதீர்கள், எவ்வளவு பழசாக இருந்தாலும் சரி. 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி தந்த வியாபாரம் குற்றம், வீட்டில் வைத்திருக்கவே உரிமைச் சான்றிதழ் வேண்டும். மான்கொம்புப் பிடிக்கும் இதே எச்சரிக்கைதான். தாத்தா பெட்டகத்திலிருந்து உங்கள் கைக்கு வந்தது என்றால் விற்கிற யோசனையை விட்டுவிட்டு வனத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.