கைடு மாறினால், தலைப்பு மாறினால், ஊர் மாறினால்: முனைவர் பட்டப் பதிவைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி

சேலத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஆய்வு மாணவர்களுக்கு நெறியாளராகவும், அதாவது கைடாகவும், இருக்கிறேன். என் மாணவர்களுக்குக் களம் பெரும்பாலும் சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்கள். ஆனால் பதிவில் ஏதாவது மாற்றம் என்றால் தமிழ், வணிகவியல், வேதியியல் என்று எல்லாத் துறைப் பிள்ளைகளும் என் அறைக்கு வந்து உட்கார்கிறார்கள். கைடு ஓய்வு பெறப்போகிறார், எனக்கு வேலை கிடைத்துவிட்டது, கல்யாணமாகித் திருநெல்வேலி போகிறேன், ஆறு வருடம் முடியப்போகிறது. நன்றாக ஆய்வு செய்கிற பிள்ளைகள் இப்படி ஒரு காகிதத்தில் மாட்டிக்கொண்டு தவிப்பதைப் பார்க்க மனசு கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது இதுதான். மாற்றம் நடப்பதற்கு முன்பே விண்ணப்பம் போக வேண்டும். பல்கலைக்கழகத்தின் ஆணை கைக்கு வரும்வரை பழைய நிலைதான் உங்கள் நிலை. கைடு வாயால் சரி என்றதும், துறைத்தலைவர் தலையாட்டியதும், பிரிவு எழுத்தர் 'ஆகிடும் போங்க' என்றதும் ஆணை ஆகாது. அதுவரை உங்கள் காலம் பழைய பதிவுத் தேதியிலிருந்து ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

எனவே பதிவு ஆணையைத் தேடி எடுங்கள். அதில் உள்ள சேர்க்கைத் தேதியைப் பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) இப்போதைய முனைவர் பட்ட ஒழுங்குமுறை 2022 நவம்பர் 7 அன்று அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் பதிவு செய்தவர்களுக்கு 2009 அல்லது 2016 ஒழுங்குமுறை பொருந்தும். நண்பருக்குக் கிடைத்த சலுகை உங்களுக்குக் கிடைக்காமல் போவதற்கு இந்தத் தேதியே காரணமாக இருக்கலாம். அடுத்தது, உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி விதி நூல். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் என்றால் பெரும்பாலும் கருப்பூரில் 1997இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகம். பொறியியல் என்றால் பெரும்பாலும் அண்ணா பல்கலைக்கழகம். யு.ஜி.சி. எல்லையை மட்டும்தான் வரையும். படிவம், கட்டணம், எந்தக் குழு எப்போது கூடும் என்பதெல்லாம் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விருப்பம். சீனியர் அனுப்பிய பழைய படிவத்தை நிரப்பாமல், இணையதளத்தில் இன்று இருக்கும் படிவத்தை இறக்கிக்கொள்ளுங்கள்.

கைடு மாற்றம்

அதிகம் வருவதும், அதிகம் மனசைக் கஷ்டப்படுத்துவதும் இதுதான்.

ஓய்வு காரணம் என்றால் பதற வேண்டாம். பணிக்காலம் மூன்று ஆண்டுக்குக் குறைவாக உள்ளவர் புது மாணவரை எடுக்கக் கூடாது என்கிறது 2022 ஒழுங்குமுறை. ஏற்கெனவே பதிவு செய்தவர்களை ஓய்வு நாள்வரை நடத்தலாம். அதற்குப் பிறகு இணை நெறியாளராக 70 வயது வரை தொடரலாம். ஆக, உங்கள் ஆசிரியரை நீங்கள் இழக்க வேண்டியதில்லை. முதன்மை நெறியாளராக இன்னொருவர் வர வேண்டும், அவ்வளவுதான். அதை ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். பிரிவு உபசார விழா முடிந்த மறுவாரம் போய் நின்றால், கையெழுத்து வாங்கவே அவர் வீட்டைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

புது கைடைத் தேடும்போது அவரிடம் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் எடுக்கலாம். 'எடுத்துக்கறேன் வாங்க' என்று அன்பாகச் சொல்பவரிடம் காலியிடம் இல்லாமல் இருக்கலாம். அவருடைய ஓய்வு ஆண்டையும் கேளுங்கள். கேட்கத் தயக்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் கேளுங்கள். இரண்டு வருடத்தில் மறுபடி ஒரு மாற்றத்துக்கு யாரிடமும் தெம்பு இருக்காது.

பழைய கைடின் சம்மதக் கடிதம், புதியவரின் ஏற்புக் கடிதம் (அதில் இப்போது எத்தனை பேரை நடத்துகிறார் என்ற விவரத்தோடு), ஆய்வு ஆலோசனைக் குழுவின் கூட்டக்குறிப்பு, துறைத்தலைவரும் முதல்வரும் பரிந்துரைத்த மேல்கடிதம், கட்டணம் கட்டிய ரசீது. பெரும்பாலும் கேட்பது இவைதான். டாக்டரல் கமிட்டி என்று நாம் வழக்கமாகச் சொல்வது இந்த ஆய்வு ஆலோசனைக் குழுவைத்தான். ஆண்டுக் கட்டணம் பாக்கி இருந்தால் ஃபைல் அங்கேயே நின்றுவிடும், முதலில் அதைக் கட்டிவிடுங்கள்.

உறவு கசந்துபோய் மாற நினைப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கடிதத்தில் குறையை எழுதாதீர்கள். 'ஆய்வின் போக்கு மண் நுண்ணுயிரியல் பக்கம் நகர்ந்துவிட்டதால், அத்துறையில் அனுபவமுள்ளவரின் வழிகாட்டல் தேவைப்படுகிறது' என்பது போல, உண்மையாகவும் யாரையும் காயப்படுத்தாமலும் ஒரு காரணம் எப்போதும் இருக்கும். அதற்கு முன்னால் துறைத்தலைவரிடம் நேரில் பேசுங்கள். இதுவரை சேகரித்த தரவு யாரிடம் இருக்கும், வெளிவரப்போகும் கட்டுரையில் யார் பெயர் இருக்கும் என்பதைப் பிரிவதற்கு முன்பே எழுத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நடந்தது தொந்தரவு, அத்துமீறல் என்றால் அது கைடு மாற்ற விண்ணப்பத்துக்குள் மறைக்க வேண்டிய விஷயமே இல்லை. பாலியல் தொந்தரவு என்றால் கல்லூரியின் உள்புகார்க் குழுவுக்கு எழுத்தில் தனியாகப் போக வேண்டும். மாற்ற விண்ணப்பம் இன்னொரு பக்கம் போகட்டும். ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுக்காதீர்கள்.

தலைப்பு மாற்றம்

தலைப்பைக் கூர்மையாக்குவது வேறு, புதுத் தலைப்புக்கே போவது வேறு. முதலாவதை ஆலோசனைக் குழு எளிதாக ஏற்கும். இரண்டாவதில், இதுவரை போன காலம் என்ன ஆனது என்ற கேள்வி வரும். என் மாணவி ஒருத்தி காப்பித் தோட்டங்களின் நிழல் மரங்களில் வேலை செய்தாள். பாதி வேலையில் ஒரு தோட்டம் கைமாறியது. புது உரிமையாளர் உள்ளே விடவில்லை. தலைப்பில் 'சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களில்' என்று பொதுவாக இருந்ததால் வேறு தோட்டத்துக்குப் போக முடிந்தது. தலைப்பைத் தொடவே தேவைப்படவில்லை. அந்தத் தோட்டத்தின் பெயரையே தலைப்பில் போட்டிருந்தால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அதனால் தலைப்பில் தோட்டத்தின் பெயர், கம்பெனியின் பெயர், ஆண்டு, மாதிரி எண்ணிக்கை எதையும் போட்டு இறுக்காதீர்கள். அவையெல்லாம் உள்ளே, ஆய்வு முறை அத்தியாயத்தில் இருக்க வேண்டியவை.

களப்பணி செய்பவர்களுக்குப் பருவமும் கணக்கில் வர வேண்டும். ஏற்காட்டுப் பக்கம் காப்பி பூப்பது மார்ச், ஏப்ரலில் பெய்யும் கோடை மழையை நம்பி. பூ சில நாட்களில் உதிர்ந்துவிடும். பூப்பு பற்றிய தலைப்புக்கு மாறுகிறவர், குழு பிப்ரவரிக்குள் கூடி முடிவெடுக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒரு ஆணைக்காக ஒரு முழு வருடம் போய்விடும். உங்கள் துறைக்கும் இப்படி ஒரு பருவம் இருக்கும், கல்வியாண்டோ, அறுவடையோ, கோயில் திருவிழாவோ.

காப்புக்காட்டுக்குள் வேலை என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். நீங்கள் கொடுத்த விண்ணப்பத்தில் தலைப்பும் நெறியாளர் பெயரும் இருக்கும். இங்கே எது மாறினாலும் அங்கேயும் திருத்தம் வாங்குங்கள். மலை கிராமத்து மக்களிடம் பேட்டி எடுப்பவர்கள் நெறிமுறைக் குழுவுக்கும் சொல்ல வேண்டும். சினாப்சிஸ் (ஆய்வேட்டின் சுருக்கம்) ஒப்படைத்த பிறகு தலைப்பில் கை வைக்கும் எண்ணமே வேண்டாம். அதற்கு முந்தைய குழுக் கூட்டத்தில் தலைப்பின் ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுப் படித்துவிடுங்கள்.

முழுநேரம், பகுதிநேரம்

வேலை கிடைத்த சந்தோஷத்தில் பலர் முழுநேரப் பதிவை அப்படியே விட்டுவிட்டுச் சேர்ந்துவிடுகிறார்கள். உதவித்தொகை வாங்குகிறவர் என்றால் இது ஆபத்து. சேர்ந்த நாளுக்குப் பிறகு வந்த பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) 42,000 ரூபாய். நாலு மாதம் சேர்ந்தாலே பெரிய தொகை. பணியில் சேரும் முன்பே கல்லூரிக்கு எழுதி உதவித்தொகையை நிறுத்துங்கள், அதோடு பகுதிநேர மாற்றத்துக்கும் விண்ணப்பியுங்கள். வேலை தரும் நிறுவனத்தின் தடையின்மைச் சான்றில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: பகுதிநேரமாக ஆய்வு செய்ய அனுமதி, ஆய்வுக்குப் போதிய நேரம் கிடைக்கும் என்ற உறுதி, தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க் எனும் பாடப் படிப்புக்கு விடுவிப்போம் என்ற வாக்கு. 'ஆட்சேபணை இல்லை' என்று ஒரே வரியில் தந்தால் திரும்பி வரும். நீங்களே வாசகத்தைத் தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கொடுங்கள்.

மகப்பேறு, திருமணம், ஊர் மாற்றம்

பெண் ஆய்வாளர்களுக்கு மகப்பேறு அல்லது குழந்தை வளர்ப்பு விடுப்பாக, மொத்த ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை தரலாம் என்று ஒழுங்குமுறை சொல்கிறது. இதைக் கேட்கக் கூச்சப்படுகிற பெண்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தம்தான் வருகிறது. வாய்மொழியாக லீவு எடுத்தால் ஏட்டில் அது வெறும் வேலை செய்யாத காலம். ஆணையோடு எடுத்தால் விடுப்பு. மருத்துவச் சான்றை இணைத்து, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதிக் கொடுங்கள், திரும்பி வந்த அன்றே மறுசேர்க்கைக் கடிதமும் கொடுங்கள்.

திருமணம் போன்ற காரணத்தால் வேறு ஊருக்குப் போகும் பெண்கள், ஆய்வுத் தரவைப் புதுப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் செல்ல அனுமதி உண்டு. இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். அந்த ஆய்வு, பழைய நிறுவனமோ நெறியாளரோ வெளி நிதி பெற்று நடத்தும் திட்டத்தின் பகுதியாக இருக்கக் கூடாது. அதுவரை நடந்த வேலைக்குப் பழைய நிறுவனத்துக்கும் நெறியாளருக்கும் ஆய்வேட்டில் உரிய இடம் தர வேண்டும். புது இடத்தில் ஏற்பு கிடைப்பதற்கு முன் இங்கே பதிவை ரத்து செய்துவிடாதீர்கள்.

கால நீட்டிப்பு

குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. அதற்கு மேல் மறுபதிவு மூலம் இரண்டு ஆண்டு, ஆக எட்டு. பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் இரண்டு ஆண்டு தரலாம், மொத்தம் பத்தைத் தாண்டாமல். எதுவும் தானாக வராது, கேட்க வேண்டும். காலக்கெடு முடிந்த பின் கேட்டால் கொடுக்கிறவர்களுக்கும் வழி இல்லாமல் போய்விடும்.

இதற்கான சான்றை முன்கூட்டியே சேர்த்துவையுங்கள். ஒவ்வொரு பருவத்திலும் குழுவின் முன் அறிக்கை கொடுக்கிறீர்கள் அல்லவா? மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து களத்துக்குப் போக முடியவில்லை, ஆய்வகக் கருவி பழுது, அம்மாவுக்கு ஆபரேஷன், எது தடையோ அதை அந்தந்த அறிக்கையிலேயே இரண்டு வரி எழுதுங்கள். ஐந்தாம் ஆண்டில் நீட்டிப்புக் கேட்கும்போது, இரண்டாம் ஆண்டில் நீங்கள் எழுதி குழு கையெழுத்திட்ட அந்த வரிகளுக்கு இருக்கும் மதிப்பு, புதிதாக எழுதும் எந்தக் கடிதத்துக்கும் இருக்காது.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பெயர், பதிவு எண், சேர்க்கைத் தேதி, துறை, நெறியாளர் முதல் பத்தியில். என்ன மாற்றம், ஏன், எந்தத் தேதியிலிருந்து என்பது இரண்டாம் பத்தியில். ஏற்கெனவே முடித்த வேலையும், மீதி வேலைக்கான கால அட்டவணையும் மூன்றாவதில். ஒரு விண்ணப்பத்தில் ஒரு மாற்றம் மட்டும் கேளுங்கள். கைடையும் தலைப்பையும் ஒரே கடிதத்தில் கேட்டால் ஒன்றில் எழும் சந்தேகம் இரண்டையும் நிறுத்திவிடும். தபால் பிரிவில் கொடுக்கும்போது உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். இரண்டு வாரம் பொறுத்து, ஃபைல் எந்த மேசையில் இருக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள். பிரிவில் இருப்பவர்கள் நூற்றுக்கணக்கான ஃபைல்களோடு மல்லுக்கட்டுகிறார்கள். பதிவு எண்ணைச் சொல்லிக் கேட்டால் உதவுவார்கள்.

ஆணை வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். பெயரின் எழுத்து, இனிஷியல், பதிவு எண், தலைப்பு, மாற்றம் நடைமுறைக்கு வரும் தேதி. ஒரு எழுத்து தவறினாலும் அன்றே திருத்தம் கேளுங்கள், ஏனென்றால் ஆய்வேட்டின் முகப்பில் அச்சாகும் தலைப்பு ஆணையில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அப்புறம் துறை, புது கைடு, பழைய கைடு, உதவித்தொகைப் பிரிவு, அனுமதி தந்த அலுவலகம் என்று எல்லாருக்கும் ஒரு நகல் கொடுத்துவிட்டு, அசலைப் பதிவு ஆணைக்குப் பின்னால் சேர்த்து வையுங்கள்.