பதின்வயதினருக்கு நாவல் எழுத உட்காருபவர்களுக்கு

காலையில் எழுதுவதா, இரவில் எழுதுவதா என்பதுதான் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது. அது உங்கள் வீட்டு நிலவரத்தைப் பொறுத்தது. அதற்கு முன், உங்கள் கதை எந்தக் கல்வியாண்டில் நடக்கிறது என்று முடிவு செய்யுங்கள். பதினாறு வயதுப் பிள்ளையின் காதல், கோபம், வீட்டைவிட்டு ஓடும் எண்ணம் எல்லாம் காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் நடுவில், பொங்கல் விடுமுறையில், மார்ச் பொதுத்தேர்வுக்கு முன்பு என்று கிடைக்கிற சந்துகளில்தான் நடக்கும். நான் அந்த ஆண்டின் மாதக் காலண்டரை மேசைக்கு எதிரே மாட்டிவிட்டுத்தான் முதல் வரியை எழுதுவேன்.

இதில் அலட்சியம் கூடாது. தமிழ்நாட்டில் பிளஸ் 1 பொதுத்தேர்வு 2018 மார்ச்சில்தான் முதன்முதலாக நடந்தது. 2025-26 கல்வியாண்டிலிருந்து அது இல்லை. 2021இல் கொரோனாவால் பிளஸ் 2 பொதுத்தேர்வே நடக்கவில்லை. அந்த ஆண்டுக் கதாநாயகியை ஹால் டிக்கெட்டோடு ஓடவிட்டால், அந்த ஆண்டில் படித்தவர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

அடுத்தது பெயர். இன்றைய பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குக் கீதா என்று பெயர் வைத்திருந்தேன். என் அண்ணன் மகள் படித்துவிட்டு, "அத்தை, கீதா எங்கள் கணக்கு டீச்சர் பெயர்" என்றாள். யாழினி, கவின், தர்ஷன் என்று அந்த வயதினரின் பெயர்களைத் தேடி எடுங்கள்.

பேச்சுக்கு மதுரை டவுன் பஸ்ஸைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்கு அமையவில்லை. பள்ளி விடும் நேரத்தில் பெரியார் நிலையத்திலிருந்து திருநகர் பக்கம் போகும் வண்டியில் ஏறிக்கொள்வேன். செல்போனில் பதிவு செய்ய மாட்டேன், அது அத்துமீறல். காதில் விழுவதில் சொற்களை விட்டுவிட்டு, பேச்சு எங்கே அறுபடுகிறது, யார் பதில் சொல்லாமல் வேறு பேச்சை எடுக்கிறார்கள் என்பதை மட்டும் வீட்டுக்கு வந்து எழுதிவைப்பேன். இந்த வருடத்துக் கேலிச்சொல் புத்தகம் அச்சாகி வருவதற்குள் கிழடுதட்டிவிடும். பேச்சின் ஓட்டம் அப்படி மாறாது.

ஒரு நாவலில், "இந்த வீட்டில் என்னை யாருமே புரிந்துகொள்வதில்லை, அம்மா" என்று ஒரு பையன் பேசுவதாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டு, "எனக்குச் சோறு வேண்டாம்" என்று மாற்றினேன். அம்மா, "மதியமும் சாப்பிடவில்லையா?" என்கிறாள். அவன் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகிறான். சாப்பிடாத தட்டை எதற்குக் கழுவினான் என்று அம்மா யோசிக்கட்டும், வாசகரும் யோசிக்கட்டும்.

செல்போன்தான் கதைக்குப் பெரிய எதிரி. ஒரே அழைப்பில் எந்தச் சிக்கலும் தீர்ந்துவிடுகிறது. சார்ஜ் தீர்ந்தது என்று தப்பிக்காதீர்கள், பலர் கையாண்டு சலித்த வழி அது. பல வீடுகளில் ஒரு நல்ல போன்தான் இருக்கும். அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு எட்டு மணிக்கு மேல் அதற்கு அக்கா, தம்பி என்று வரிசை நிற்கும். அந்த வரிசையிலேயே ஓர் அத்தியாயம் கிடைக்கும்.

மற்றபடி என் வழக்கத்தில் விசேஷம் எதுவும் இல்லை. விடிவதற்கு முன் எழுந்து, கோடு போட்ட லாங் சைஸ் நோட்டில் பென்சிலால் எழுதுவேன். தெரு முனையில் பருத்திப்பால் வண்டி வந்ததும் நிறுத்திவிடுவேன். சுக்கும் கருப்பட்டியும் மணக்க ஒரு டம்ளர் குடித்த பிறகு எனக்கு எழுத்து ஓடாது. மத்தியானம் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு. வீட்டில் விருந்தாளி வந்தால் நோட்டோடு புதுநத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடுவேன். எழுதும்போது பாட்டு கிடையாது, வசனத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டுமே.

முதல் வரைவு முடிந்ததும், பெற்றோரிடம் சொல்லிவிட்டு, அந்த வயதில் இரண்டு மூன்று பேரிடம் கொடுங்கள். "பிடித்ததா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். ஒரு பென்சிலைக் கொடுத்து, படிப்பதை எங்கே நிறுத்திவிட்டுப் போனை எடுத்தார்கள் என்று ஓரத்தில் ஒரு கோடு மட்டும் போடச் சொல்லுங்கள். கூலியாக ஆளுக்கொரு பன் பட்டர் ஜாம் வாங்கித் தருவது என் வழக்கம். இரண்டு பேர் ஒரே பக்கத்தில் கோடு போட்டிருந்தால், அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதுங்கள்.