பேச்சில் பிழை பிடிக்கும்போது நாம் செய்யும் பிழைகள்

போன ஐப்பசி மழையில், பாலக்கோடு பக்கம் இருக்கும் எங்கள் பெரியம்மா வீட்டின் பின்சுவர் ஊறிச் சரிந்துவிட்டது. பார்க்கப் போயிருந்தேன். திண்ணையில் உட்காரவைத்து, "ராத்திரியெல்லாம் பேஞ்சினே இருந்துச்சு கண்ணு. செவுத்துல விரிசல் உட்டுனு..." என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே புகுந்து, "செவுத்துல இல்ல பெரிம்மா, சுவரில்" என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, காப்பி குடிக்கிறியா?" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த ராத்திரி என்ன நடந்தது என்று அன்றைக்கு அவர் சொல்லவே இல்லை.

ஒருவர் மனசிலிருப்பதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தித் திருத்துவதைவிடப் பெரிய தவறு இந்த விஷயத்தில் கிடையாது. திருத்தம் சரியாக இருந்தாலும் தவறுதான். என்னுடையது சரியாகவும் இல்லை.

சுவர் என்ற சொல் 'ர்' என்ற மெய்யில் முடிகிறது. அதனால் எழுதும்போது சுவரில், சுவருக்கு என்றுதான் வரும். 'சுவற்றில்' என்று எழுதினால் பிழை. கிணறு, வயிறு என்று 'று'வில் முடியும் சொற்கள்தான் கிணற்றில், வயிற்றில் என்று இரட்டிக்கும். ஆனால் பேச்சில் சுவர் 'செவுரு' ஆகிவிடுகிறது. கடைசியில் ஓர் உகரம் வந்து ஒட்டிக்கொண்ட பிறகு, கிணத்துல, வயித்துல என்று வருகிற அதே வாய், செவுத்துல என்றும் சொல்கிறது. பேச்சுக்கு உள்ள ஒழுங்கில் பெரியம்மா கொஞ்சமும் பிசகவில்லை. எழுத்துக்கு உள்ள விதியைக் கொண்டுபோய்ப் பேச்சின்மேல் வைத்தவன் நான்தான். "பேஞ்சினே", "உட்டுனு" என்பவையும் அப்படித்தான். 'கொண்டு' என்று எழுதும் இடத்தில் மதுரைக்காரர் 'கிட்டு' என்பார், எங்கள் பக்கம் 'கினு' அல்லது வெறும் 'னு'. இதில் ஒன்று உயர்வு, இன்னொன்று கொச்சை என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

வட்டாரச் சொல்லைக் கேட்டவுடன் "அப்படி ஒரு வார்த்தையே கிடையாது" என்று அடித்துச் சொல்வது அடுத்த தவறு. கேழ்வரகு என்று எழுதுகிறோம். கேவுரு என்பவர்கள் இருக்கிறார்கள், ராகி என்பவர்கள் இருக்கிறார்கள், ஆரியம் என்பவர்களும் இருக்கிறார்கள். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் பெங்களூரா என்று விற்பதும் கிளிமூக்கு மாம்பழமும் தோத்தாபுரியும் ஒரே பழம். செய்யுளுக்கு உரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகப் பிரிக்கிற தொல்காப்பியம், செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரண்டு நிலங்களில் வழங்கும் சொற்களுக்குத் திசைச்சொல் என்று தனி இடமே கொடுத்திருக்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் அதிகம் சூடேறுவது, ஒரு சொல் தமிழா கன்னடமா என்ற சண்டையில்தான். மாரண்டஹள்ளி என்று எழுதுவதா, மாரண்டஅள்ளி என்று எழுதுவதா? ஒரே வட்டாரத்தில் நல்லம்பள்ளியும் பஞ்சப்பள்ளியும் இருக்கின்றன, வேப்பனஹள்ளியும் இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய கன்னடத்தில் சொல்லுக்கு முதலில் இருந்த 'ப', பிற்காலத்தில் பல சொற்களில் 'ஹ' ஆகிவிட்டது. நம் பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு. பள்ளிதான் ஹள்ளி. நம் புகைதான் ஹொகெ. அருவியில் நீர்த்திவலை புகை மாதிரி எழும்புவதால் புகையும் கல், அதுவே ஒகேனக்கல். ஒரே வேரில் கிளைத்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு எது யாருடையது என்று டீக்கடையில் குரலை உயர்த்துவதில் யாருக்கும் லாபமில்லை. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு, வெளியே வந்து நம்மோடு தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம். அவர்கள் வாயில் 'ழ' சரியாக வரவில்லை என்று சிரிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வருகிறது.

பெண் குழந்தையை "வாடா கண்ணு" என்று கூப்பிட்டால், "பொண்ண டா போடலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம். மகிழ்ச்சி, சிறப்பு, கோபம் போன்ற காரணங்களால் பாலும் திணையும் மாறி வந்தாலும் குற்றமில்லை என்று 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தியார் நன்னூலில் சொல்லிவிட்டார். இதற்கு வழுவமைதி என்று பெயர், பள்ளியில் நாம் படித்ததுதான். "அக்கா வந்துச்சு" என்பதில் மரியாதைக் குறைவு தேடுகிறவர்களும், அந்த வீட்டில் அக்காவை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசலாம்.

அப்புறம், யாரோ சொன்ன காரணத்தை அப்படியே ஒப்பிப்பது. 'நாட்கள்' என்றால் நாள்பட்ட கள் என்று பொருளாகிவிடும், அதனால் தப்பு என்பார்கள். அது வேடிக்கையாகச் சொல்வது, இலக்கணக் காரணம் ஆகாது. தோள்கள், வாள்கள், கோள்கள் என்று பன்மை விகுதி சேரும்போது 'ள்' மாறாமல் நிற்கிறது, அதேபோல நாள்கள் என்பதுதான் காரணம். காரணம் தெரியாமல் வாதத்தில் இறங்கினால், எதிரில் இருப்பவர் ஒரு கேள்வி கேட்டதும் குரல்தான் உயரும்.

அதற்காக எல்லாவற்றையும் விட்டுவிடுவதும் சரியில்லை. அச்சுக்குப் போகும் கல்யாணப் பத்திரிகை, ஊர் முனையில் நிற்கப்போகும் பிளக்ஸ், பிள்ளைகளின் கட்டுரை நோட்டு, இங்கெல்லாம் கண்டிப்பாகத் திருத்த வேண்டும். வாழ்த்துகள், பதற்றம், பூவைக் கோத்து, என்னைப் பொறுத்தவரை என்று எழுதவைக்க வேண்டும். அதையும் நாலு பேர் எதிரில் சொல்லாமல், அடிக்கும் முன்பே தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

தை பிறந்ததும் மறுபடி பாலக்கோடு போனேன். புதுச் சுவர் எழும்பி, பூச்சு வேலை பாக்கி இருந்தது. "செவுத்துல விரிசல் உட்டதும் என்ன பண்ணீங்க பெரிம்மா?" என்று கேட்டேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"என்ன பண்றது கண்ணு, குட்டி ரெண்டும் அந்தச் செவுத்தோரந்தான் படுத்துனு இருந்துச்சுங்க. இருட்டுல தடவினே போயி, ரெண்டையும் முந்தானையில சுத்தினு இப்படி வாசப்படி தாண்டினேன், பின்னால தொப்புனு சத்தம்..."