நீங்கள் வளர்க்கும் பாம்பு வாயைத் திறந்து மூச்சு விடுகிறதா?

பாம்புக்கு உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே இருந்து மூச்சுக்கு உதவும் தசை) கிடையாது. நம்மைப் போல இருமிச் சளியை வெளியே தள்ள அதனால் முடியாது. அதனால்தான் நுரையீரல் தொற்று சீக்கிரம் முற்றிவிடுகிறது. வாயைத் திறந்து மூச்சு விடுவது, தலையை மேலே தூக்கியபடியே இருப்பது, வாயோரம் நுரை, மூச்சில் சீழ்க்கைச் சத்தம் என இந்தத் தொற்றின் அறிகுறி எதைக் கண்டாலும் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். தோல் உரிக்கும் நாட்களில் லேசான சத்தம் வரலாம். உரித்ததும் நின்றுவிட்டால் சரி.

கூண்டில் சூடு போதாததுதான் பல நேரம் காரணம். ‘பால் பைத்தான்’ (ball python) என்ற மலைப்பாம்பு வகை என்றால் சூடான பக்கம் 31–32 டிகிரி செல்சியஸ் இருக்கிறதா என்று வெப்பமானி வைத்துப் பாருங்கள். வேறு பாம்புகள் இருந்தால் பிரித்து வையுங்கள். அப்புறம், ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சூடு மட்டும் தொற்றைக் குணமாக்காது, பெரும்பாலும் ஊசி மருந்து தேவைப்படும். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.